ஒரே கணத்துக்கு ஒரே எண்: மேடை மென்பொருளில் டைம்கோடு அமைக்கும் முறை

டைம்கோடு என்பது ஒலிப்பதிவிலோ காட்சிப்பதிவிலோ உள்ள ஒவ்வொரு சிறு துண்டுக்கும் இடப்படும் எண். மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று நான்கு ஈரிலக்கங்களில் அது எழுதப்படுகிறது. 01:02:15:08 என்றால் ஒன்றாம் மணி, இரண்டாம் நிமிடம், பதினைந்தாம் நொடி, அந்த நொடிக்குள் 8 என்ற எண் பெற்ற ஃபிரேம். பார்வைக்குக் கடிகார நேரம் போலத் தெரிந்தாலும், சுவர்க் கடிகாரத்தோடு இது ஒத்துப்போக வேண்டியதில்லை. மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சியின் முதல் பாட்டுக்கு 01:00:00:00 என்ற எண் இருக்கலாம். தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவு எண் எப்படி உதவுகிறதோ, அப்படியே பாட்டில் ஒரு கணத்தைக் கண்டுபிடிக்க டைம்கோடு உதவுகிறது.

பெரிய மேடை நிகழ்ச்சியில் ஒலியை ஒரு கணினி இயக்குகிறது. விளக்குகளை லைட்டிங் கன்சோல் இயக்குகிறது. பின்னணித் திரையில் ஓடும் காட்சிகளை மீடியா சர்வர் இயக்குகிறது. “இந்த விளக்கு அணையட்டும், அந்தப் படம் தொடங்கட்டும்” என்பது போன்ற ஒவ்வொரு கட்டளைக்கும் கியூ என்று பெயர். பாட்டில் தாளம் மாறும் அதே கணத்தில் விளக்கும் திரையும் மாற வேண்டுமென்றால், மூன்று இயந்திரங்களும் தாங்கள் பாட்டின் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை ஒன்றுபோல அறிந்திருக்க வேண்டும். ஓர் இயந்திரம் எண்களை வரிசையாக அனுப்புகிறது. மற்றவை அவற்றைக் கேட்டு, தத்தம் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதியுள்ள கியூவை ஓடவிடுகின்றன. அனுப்பும் பக்கமும் கேட்கும் பக்கமும் அந்த எண்ணை ஒரே விதிப்படி படிக்கும்படி செய்வதே ஷோ கண்ட்ரோல் மென்பொருளில் டைம்கோடு அமைத்தல். ஏதாவது ஓர் அமைப்பு மாறியிருந்தாலும் எண்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் இரு பக்கத்திலும் அவற்றின் பொருள் வேறாகிவிடும்.

வீடியோ நாடாவிலிருந்து மேடைக்கு

திரைப்படச் சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு ஃபிரேமும் கண்ணுக்குத் தெரியும். எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்பதைப் படத்தொகுப்பாளர் கையாலேயே தொட்டுக் காட்டலாம். 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் வீடியோ நாடாப் பதிவுக் கருவியை வெளியிட்டபோது அந்த வசதி போய்விட்டது. காந்த நாடாவில் படம் கண்ணுக்குத் தெரியாது. தொடக்கத்தில் நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தை நாடாவில் தடவி, காந்தத் தடங்களை வெளிப்படச் செய்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அதையும் நாடாவிலேயே பதிந்துவிட்டால் இயந்திரமே இடத்தைக் கண்டுபிடிக்கும் என்ற எண்ணம் 1960களில் செயலுக்கு வந்தது. 1967இல் அமெரிக்காவின் ஈ.ஈ.சி.ஓ. நிறுவனம் அத்தகைய முறையைக் கொண்டுவந்தது. பல நிறுவனங்கள் தத்தம் வழியில் எண்ணிடத் தொடங்கிய நிலையில், திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்.எம்.பி.டி.இ. பொதுத் தரம் ஒன்றை வகுத்தது. இன்றும் மேடைத் தொழிலாளர்கள் டைம்கோடைச் சுருக்கமாக “சிம்ப்டி” என்று அழைப்பது அந்தச் சங்கத்தின் பெயரால்தான்.

படத்தொகுப்புக்காகப் பிறந்த அந்த எண்கள் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கும், அங்கிருந்து மேடைக்கும் வந்தன. மேடையில் ஃபிரேம் என்று எதுவும் இல்லாவிட்டாலும் நொடியைப் பிரிக்கும் அளவாக அது நிலைத்துவிட்டது.

நொடிக்கு எத்தனை ஃபிரேம்?

மென்பொருளில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஃபிரேம் வீதம். பட்டியலில் 24, 25, 29.97, 30 ஆகிய எண்கள் இருக்கும். சிலவற்றில் இன்னும் கூடுதலாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வரலாற்றிலிருந்து வந்தது. 24 என்பது பேசும் படத்தின் வேகம். 25 என்பது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் நாடுகளின் தொலைக்காட்சி வேகம். இந்தியாவும் இலங்கையும் இந்த வகையைச் சேர்ந்தவை. 30 என்பது 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொண்ட அமெரிக்காவின் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு உரியது.

29.97 என்ற விந்தையான எண் 1953இல் பிறந்தது. அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, வண்ணத்தைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டுத் திரையில் கோடுகளை உண்டாக்கும் அபாயம் இருந்தது. அதைத் தவிர்க்கப் பட வேகத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். முப்பதை 1,001ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் கிடைப்பதே 29.97.

பார்வையாளருக்கு இந்த வேறுபாடு தெரியாது. எண்ணிக்கைக்கோ பெரிய சிக்கல். 30 ஃபிரேம் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 1,08,000 ஃபிரேம்கள். 29.97 வேகத்தில் உண்மையான ஒரு மணி நேரத்தில் 1,07,892 ஃபிரேம்களே ஓடுகின்றன. 108 குறைவு. ஒவ்வொரு நொடிக்கும் முப்பது என்றே எண்ணிக்கொண்டு போனால், உண்மையான ஒரு மணி நேரம் முடிந்த பிறகும் டைம்கோடு இன்னும் 3.6 நொடி பின்தங்கியிருக்கும்.

இதைச் சரிசெய்யக் கண்டுபிடித்த வழிதான் டிராப் ஃபிரேம். பெயரைப் பார்த்து ஃபிரேம்களே தூக்கி எறியப்படுகின்றன என்று நினைத்துவிடக் கூடாது. விடப்படுவது எண்கள் மட்டுமே. ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் 00, 01 ஆகிய இரண்டு எண்களைத் தாண்டிவிட வேண்டும். ஆனால் 00, 10, 20, 30, 40, 50 ஆகிய நிமிடங்களில் தாண்டக் கூடாது. ஆக ஒரு மணி நேரத்தில் 54 நிமிடங்களில் இரண்டிரண்டு எண்கள் விடப்படுகின்றன. 54 முறை இரண்டு என்றால் 108. கணக்கு நேராகிவிடுகிறது. 00:00:59:29 என்ற எண்ணுக்கு அடுத்து 00:01:00:02 வருவது இதனால்தான். மென்பொருள்கள் பல, டிராப் ஃபிரேம் எண்ணை எழுதும்போது கடைசி ஈரிலக்கத்துக்கு முன் அரைப்புள்ளி இட்டு வேறுபடுத்திக் காட்டுகின்றன.

நான்கு நிமிடப் பாட்டு ஒன்றில் இந்த அமைப்பு மாறிப்போனால் என்ன ஆகும்? பாட்டு 01:00:00:00இல் தொடங்கினால் ஒன்று, இரண்டு, மூன்றாம் நிமிடங்களின் தொடக்கத்தில் ஆறு எண்கள் தாண்டப்படும். ஆறு ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 0.2 நொடி. பாட்டின் முதல் நிமிடத்தில் எல்லாம் சரியாக இருக்கும். கடைசி நிமிடத்தில் விளக்கு தாளத்தோடு சேராது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகும் எந்தத் தவறுக்கும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஃபிரேம் வீதத்தைத்தான்.

வீதமே வேறாக இருந்தால் தவறு வேறு வடிவத்தில் தெரியும். அனுப்பும் பக்கம் 30, கேட்கும் பக்கம் 25 என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நொடியும் இரு பக்கத்திலும் ஒன்றாகவே தொடங்கும். ஆனால் நொடியின் உள்ளே எண்கள் வேகமாக ஓடும். 24ஆம் எண் 25 ஃபிரேம் கணக்கில் 0.96 நொடியில் வர வேண்டும். 30 ஃபிரேம் கணக்கில் 0.8 நொடியிலேயே வந்துவிடும். அந்த எண்ணில் எழுதிய கியூ 0.16 நொடி முந்திக்கொள்ளும். 02ஆம் எண்ணில் உள்ள கியூவோ ஏறக்குறைய சரியாகவே விழும். சில கியூக்கள் சரி, சில கியூக்கள் தவறு என்ற இந்தக் குழப்பம் ஒத்திகையில் பல மணி நேரத்தை விழுங்கக்கூடியது. திரைப்படமோ ஒளிபரப்போ சம்பந்தப்படாத நிகழ்ச்சிக்கு இந்தியாவில் 25ஐயே எல்லா இயந்திரங்களிலும் வைப்பது நல்ல வழக்கம்: 29.97இன் கணக்குச் சிக்கல் இல்லை, ஒரு ஃபிரேம் சரியாக 40 மில்லி நொடி, மனக்கணக்கும் எளிது.

ஒலியாக ஓடும் எண்: எல்.டி.சி.

மேடையில் அதிகம் புழங்கும் டைம்கோடு வடிவம் எல்.டி.சி. எண்களை ஒலிச் சமிக்ஞையாக மாற்றிச் சாதாரண ஆடியோ கேபிளில் அனுப்பும் முறை இது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால் பழைய ஃபேக்ஸ் இயந்திரம் அலறுவது போன்ற கரகரப்பான சத்தம் வரும். அந்தச் சத்தத்தின் உள்ளே மிகச் சீரான அமைப்பு இருக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 80 பிட்டுகள். அவற்றில் 26 பிட்டுகள் நேரத்தைச் சுமக்கின்றன. 32 பிட்டுகள் பயனாளர் விரும்பியதை எழுதிக்கொள்ள விடப்பட்டவை. ஆறு பிட்டுகள் டிராப் ஃபிரேமா இல்லையா என்பது போன்ற குறிப்புகளுக்கானவை. கடைசி 16 பிட்டுகள் ஃபிரேமின் முடிவைக் காட்டும் அடையாளச் சொல். அந்தச் சொல்லில் பன்னிரண்டு ஒன்றுகள் அடுத்தடுத்து வருகின்றன. ஃபிரேமின் வேறெந்த இடத்திலும் அப்படி வர வாய்ப்பில்லாதபடி மற்ற பிட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. அதன் முன்னே இரண்டு பூஜ்யங்களும், பின்னே ஒரு பூஜ்யமும் ஒரு ஒன்றும் நிற்கின்றன. இரு முனைகளும் வேறுவேறாக இருப்பதால், நாடா முன்னே ஓடுகிறதா பின்னே ஓடுகிறதா என்பதையும் இயந்திரம் கண்டுகொள்கிறது.

பூஜ்யத்தையும் ஒன்றையும் ஒலியாக்கும் முறையும் நுட்பமானது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் ஒருமுறை மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ மாறும். பிட் ஒன்றாக இருந்தால் நடுவிலும் இன்னொருமுறை மாறும். பூஜ்யமாக இருந்தால் மாறாது. மாற்றம் நிகழ்ந்ததா என்பது மட்டுமே முக்கியம். எந்தத் திசையில் என்பது முக்கியமில்லை. ஆகவே கேபிளில் இரு கம்பிகள் மாறிப்போனாலும் எண் கெடாது. 25 ஃபிரேம் வீதத்தில் நொடிக்கு 2,000 பிட்டுகள். பூஜ்யங்கள் 1,000 ஹெர்ட்ஸாகவும் ஒன்றுகள் 2,000 ஹெர்ட்ஸாகவும் ஒலிக்கும். 30 வீதத்தில் அவை 1,200, 2,400 ஹெர்ட்ஸ். எல்லாம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால்தான் பாட்டு போகும் அதே மிக்ஸரிலும் கேபிளிலும் இதுவும் போக முடிகிறது.

இந்தச் சமிக்ஞை ஃபிரேம் வீதத்தை எழுத்தில் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிட்டுகள் வரும் வேகத்தையும், எண் எதுவரை ஏறி மீண்டும் பூஜ்யமாகிறது என்பதையும் பார்த்து இயந்திரம் ஊகிக்கலாம். சில இயந்திரங்கள் ஊகிக்காமல், அமைப்பில் சொன்னதையே நம்பும். அதனால்தான் வீதத்தை இரு பக்கமும் கையால் அமைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

மிடி வழியும் நெட்வொர்க் வழியும்

1980களில் வந்த எம்.டி.சி. என்பது அதே எண்ணை, இசைக்கருவிகளுக்கிடையே கட்டளைகளைக் கொண்டுசெல்லும் மிடி கேபிளில் அனுப்பும் முறை. மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட்டுகள் மட்டுமே. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழு எண்ணை அனுப்பினால் இசைக் கட்டளைகளுக்கு இடம் குறையும். எனவே எண்ணை எட்டுத் துண்டுகளாக நறுக்கி, ஒரு ஃபிரேமுக்கு நான்கு துண்டுகள் வீதம் அனுப்புகிறார்கள். முழு எண் வந்துசேர இரண்டு ஃபிரேம் நேரம் ஆகிறது. கேட்கும் மென்பொருள் அந்தத் தாமதத்தைத் தானே கூட்டிக்கொள்கிறது. பாட்டின் நடுவே வேறிடத்துக்குத் தாவும்போது முழு எண்ணையும் ஒரே செய்தியாக அனுப்பும் வழியும் உண்டு.

எம்.டி.சி.யில் வீதத்தைக் குறிக்க இரண்டு பிட்டுகளே உள்ளன. அதனால் 24, 25, டிராப் ஃபிரேம், 30 ஆகிய நான்கை மட்டுமே அது அறியும். டிராப் ஃபிரேம் அல்லாத 29.97ஐ அதில் தனியாகக் குறிப்பிட வழியில்லை. ஒரு மென்பொருளின் பட்டியலில் எட்டு வீதங்கள் இருந்தாலும் போகும் பாதை அவ்வளவையும் தாங்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளக்குகளுக்கான ஆர்ட்-நெட் நெறிமுறையிலும் டைம்கோடுக்கென்று தனிச் செய்தி இருக்கிறது. அதிலும் இதே நான்கு வகைகள்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கையில் உள்ள கருவிகளைப் பொறுத்தது. ஒரே கணினிக்குள் இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ள எம்.டி.சி. எளிது, கேபிளே தேவையில்லை. ஒலி மேசையிலிருந்து நூறு மீட்டர் தள்ளியுள்ள லைட்டிங் கன்சோலுக்குப் போக எல்.டி.சி. ஏற்றது. மைக் ஒலி செல்லும் அதே எக்ஸ்எல்ஆர் கேபிள் போதும். வழியில் ஹெட்போனை மாட்டினால் டைம்கோடு (சுருக்கமாகக் “கோடு”) வருகிறதா இல்லையா என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

அனுப்பும் பக்கத்தை அமைத்தல்

ஃபிகர் 53 நிறுவனம் மேக் கணினிகளுக்காக உருவாக்கிய கியூலேப் மென்பொருள் நாடக மேடைகளில் பரவலாகப் பயன்படுவது. அதை வைத்து ஓர் இசை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டால் முழு வரிசையும் தெளிவாகும். கியூலேப் பாட்டை ஒலிக்கச் செய்யும். லைட்டிங் கன்சோல் அதைப் பின்தொடரும்.

டைம்கோடை அனுப்ப இரண்டு வழிகள். முதலாவது, கியூலேப்பிலேயே டைம்கோடு கியூ ஒன்றை உருவாக்கி, பாட்டுக் கியூவோடு சேர்ந்து தொடங்கவைப்பது. அந்தக் கியூவில் எல்.டி.சி.யா எம்.டி.சி.யா, எந்த வீதம், எந்த எண்ணில் தொடக்கம், எந்த ஒலி வெளியீட்டில் போக வேண்டும் என்பனவற்றைக் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, எல்.டி.சி.யை முன்கூட்டியே ஒலிக்கோப்பாக உருவாக்கி, பாட்டுக் கோப்பிலேயே கூடுதல் தடமாகச் சேர்த்துவிடுவது. பாட்டு முதல் இரண்டு தடங்களில், வாத்தியக் கலைஞர்களின் காதுக்குப் போகும் கிளிக் மூன்றாம் தடத்தில், டைம்கோடு நான்காம் தடத்தில்.

இரண்டாவது வழிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. பாட்டும் கோடும் ஒரே கோப்பில், ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே முடியாது. ஒத்திகையில் பாட்டை இரண்டாம் சரணத்திலிருந்து ஓடவிட்டாலும் அந்த இடத்துக்குரிய எண் தானாகவே போகும். ஆனால் அந்தக் கோப்பு அழுத்தப்படாத வேவ் வடிவில் இருக்க வேண்டும். எம்.பி.3 போன்ற வடிவங்கள் மனிதக் காதுக்குத் தேவையற்றதைக் கழித்துவிடுகின்றன. கோட்டின் கூர்மையான விளிம்புகள் அதில் மழுங்கும். 48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 25 ஃபிரேம் எல்.டி.சி.யின் ஒரு பிட்டுக்குச் சரியாக 24 மாதிரிகள் கிடைக்கின்றன. அந்த வேவ் கோப்பைத் தொடாமல் அனுப்பினால் எந்த இயந்திரமும் படித்துவிடும்.

தொடாமல் என்பதில் பல பொருள்கள் அடங்கும். டைம்கோடு போகும் தடத்தில் ஈக்வலைசர், கம்ப்ரசர், ரிவர்ப் எதுவும் இருக்கக் கூடாது. பாட்டின் வேகத்தை மாற்றும் அமைப்பு அந்தத் தடத்தைத் தொடக் கூடாது. பாட்டு மெல்ல மங்கி முடியும்போது கோடும் சேர்ந்து மங்கினால், கன்சோல் முடிவுக்கு முன்பே எண்ணைத் தொலைத்துவிடும். ஒலி அளவு உச்சத்தில் வெட்டுப்படவும் கூடாது. இரைச்சலில் மூழ்கும் அளவுக்குத் தாழவும் கூடாது. அதிகமாக வைத்தால் இன்னொரு ஆபத்து: பக்கத்துக் கேபிளுக்கு அந்தக் கரகரப்பு கசிந்து, மெல்லிய பாட்டின் நடுவே அரங்கத்துக்கே கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காம் வெளியீடு அரங்க ஸ்பீக்கருக்குப் போகவில்லை என்பதை மிக்ஸரில் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

மணி எண்ணைப் பங்கிடுதல்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மணி எண் ஒதுக்குவது தொழிலில் வேரூன்றிய வழக்கம். முதல் பாட்டு 01:00:00:00, இரண்டாம் பாட்டு 02:00:00:00, மூன்றாவது 03:00:00:00. பாடகர் வரிசையை மாற்றினாலும், நடுவில் ஒரு பாட்டை விட்டாலும் விளக்குகள் குழம்புவதில்லை. ஐந்தாம் மணி என்றால் ஐந்தாம் பாட்டுதான் என்று கன்சோலுக்குத் தெரியும். 24 மணி எண்களுக்குள் அடங்காத நீண்ட நிகழ்ச்சியில் அரை மணிக்கு ஒரு பாட்டு என்று பிரித்துக்கொள்ளலாம்.

பூஜ்ய மணியில் தொடங்காததற்குக் காரணம் உண்டு. கேட்கும் இயந்திரம் சமிக்ஞையைப் பிடித்து நிலைப்பட ஒரு சில ஃபிரேம்கள் ஆகும். எல்.டி.சி.யில் அடையாளச் சொல் கடைசியில் வருவதால் ஒரு ஃபிரேமின் எண் அது முடிந்த பிறகே தெரியும். எனவே பாட்டுக்குச் சில நொடிகள் முன்பே கோட்டை ஓடவிட வேண்டும். பாட்டு 00:00:00:00இல் தொடங்கினால், பத்து நொடி முன் என்பது 23:59:50:00 ஆகிவிடும். பல மென்பொருள்கள் அந்தத் தாவலில் தடுமாறும். 01:00:00:00 என்றால் முன்னோட்டம் 00:59:50:00 என்று இயல்பாகத் தொடங்கும். முதல் கியூவைச் சரியாகப் பூஜ்ய ஃபிரேமில் வைத்து, கோட்டையும் அங்கிருந்தே தொடங்கினால் அந்த முதல் கியூ தவறிப்போகும்.

கேட்கும் பக்கத்தை அமைத்தல்

எதிர்ப்பக்கமாக, கியூலேப்பே வேறோர் இயந்திரத்தின் கோட்டைக் கேட்க வேண்டிய நிலையும் வரும். அங்கே அமைப்பு இரண்டு அடுக்குகளில் உள்ளது. முதலில் கியூ லிஸ்ட் முழுவதற்கும்: வெளியிலிருந்து வரும் டைம்கோடை ஏற்கலாமா, அது எந்த வகை, எந்தக் கருவியின் எந்த வழியில் வரும், வீதம் என்ன. பிறகு ஒவ்வொரு கியூவுக்கும்: எந்த எண்ணில் தொடங்க வேண்டும். மேல் அடுக்கை இயக்காமல் கீழ் அடுக்கில் எண்களை மட்டும் எழுதிவிட்டு, ஏன் எதுவும் ஓடவில்லை என்று திகைப்பது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. லைட்டிங் கன்சோல்களிலும் பெயர்கள் மாறினாலும் இதே இரண்டு அடுக்குகள் இருக்கும்.

கியூவுக்கு எண் எழுதுவது எளிய கணக்கு. மூன்றாம் பாட்டில் ஒரு நிமிடம் 12.4 நொடியில் தாளம் மாறுகிறது என்றால், 25 வீதத்தில் 0.4 நொடி பத்து ஃபிரேம். ஆக எண் 03:01:12:10. அதே கணம் 30 வீதத்தில் 03:01:12:12 ஆகும். காகிதத்தில் எண்களை எழுதித் தரும்போது பக்கத்தின் தலைப்பிலேயே வீதத்தையும் எழுதிவைப்பது அடுத்தவருக்குப் பெரும் உதவி.

ஆஃப்செட் என்பது வரும் எண்ணோடு நிலையான ஒரு தொகையைக் கூட்டுவது அல்லது கழிப்பது. விளக்கு வடிவமைப்பாளர் வீட்டில் பாட்டைப் பூஜ்யத்திலிருந்து ஓட்டி கியூக்களை எழுதியிருக்கலாம். நிகழ்ச்சியில் அந்தப் பாட்டு மூன்றாம் மணியில் வரலாம். நூறு கியூக்களைத் திருத்துவதற்குப் பதில் மூன்று மணி நேர ஆஃப்செட் போதும். சிறு ஆஃப்செட்டுக்கும் வேலை உண்டு. எல்.இ.டி. திரையின் செயலி படத்தை இரண்டு ஃபிரேம் தாமதித்துக் காட்டினால், வீடியோவின் கியூக்களை இரண்டு ஃபிரேம், அதாவது 25 வீதத்தில் 80 மில்லி நொடி, முன்னே நகர்த்த வேண்டும்.

ஃப்ரீவீல் என்பது கோடு திடீரென்று நின்றால் எவ்வளவு நேரம் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும் என்ற அமைப்பு. கேபிளில் ஒரு சிறு கரகரப்பு ஏற்பட்டால் விளக்குகள் நின்றுவிடக் கூடாது; அதற்கு ஃப்ரீவீல் வேண்டும். பாட்டை ஒலிப் பொறியாளர் வேண்டுமென்றே நிறுத்தும்போது விளக்குகள் தொடர்ந்து மின்னிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு ஃப்ரீவீல் குறுகியதாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே அரை நொடி முதல் ஒரு நொடி வரை வைத்து ஒத்திகையில் சோதித்து முடிவு செய்வது பொருத்தம்.

தொடக்கி வைப்பதும் துரத்திப் பிடிப்பதும்

டைம்கோடைக் கேட்கும் மென்பொருள்கள் இரு வகை. ஒரு வகை, எண் வந்ததும் கியூவைத் தொடக்கிவைக்கும்; அதன் பிறகு அந்தக் கியூ தன் கணினியின் கடிகாரப்படி ஓடும். கியூலேப் இந்த வகை. மற்றொரு வகை, ஓடிக்கொண்டிருக்கும்போதும் வரும் எண்ணோடு தன்னைத் தொடர்ந்து ஒப்பிட்டு, விலகினால் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சேர்ந்துகொள்ளும். ஒலிப்பதிவு மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு.

இந்த வேறுபாடு நீண்ட துண்டுகளில்தான் தெரியும். இரண்டு கணினிகளின் படிகக் கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பதாகக் கொள்ளலாம். நான்கு நிமிடப் பாட்டில் அது 12 மில்லி நொடி, யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிடம் இடைவிடாமல் ஓடும் காட்சியில் அது 120 மில்லி நொடி, 25 வீதத்தில் மூன்று ஃபிரேம். அத்தகைய நீண்ட காட்சியைத் தொடக்கிவைக்கும் வகை மென்பொருளில் ஓட்டுவதானால், அதைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கலாம். அல்லது இரண்டு கருவிகளுக்கும் வேர்ட் கிளாக் மூலம் ஒரே கடிகாரத்தைக் கொடுக்கலாம். டைம்கோடு இடத்தைச் சொல்கிறது. வேகத்தைப் பிடித்து வைப்பது கடிகாரத்தின் வேலை.

ஒத்திகையில் பாட்டின் நடுவிலிருந்து தொடங்கும்போது இன்னொரு சிக்கல் வரும். தொடக்கிவைக்கும் மென்பொருள், தாண்டிவந்த எண்களில் இருந்த கியூக்களை ஓட்டாது. முந்தைய கியூவில் எரிய வேண்டிய விளக்கு எரியாமலும், அணைய வேண்டியது அணையாமலும் இருக்கும். பாட்டின் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் மேடையின் முழு நிலையையும் அமைக்கும் கியூ ஒன்றை வைத்துவிட்டால் எங்கிருந்து தொடங்கினாலும் மேடை சரியாகும்.

எவ்வளவு துல்லியம் போதும்?

ஒளிபரப்புத் துறைக்காக பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு முன்பாக ஏறக்குறைய 45 மில்லி நொடி வந்தால் மனிதர் உணர்கிறார்கள். பின்னால் வந்தால் 125 மில்லி நொடி வரை உணர்வதில்லை. மின்னலுக்குப் பின் இடி வருவதைக் கேட்டுப் பழகிய மனிதச் செவி, பிந்தும் ஒலியை இயல்பாக ஏற்கிறது.

அரங்கத்தில் ஒலியே மெதுவாகத்தான் நடக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்குத் தாளம் 100 மில்லி நொடி கழித்தே கேட்கும். விளக்கு உடனே தெரியும். முதல் வரிசைக்குச் சரியாக வைத்த கியூ அவருக்கு இரண்டரை ஃபிரேம் முந்தியதாகத் தோன்றும். ஆகவே ஒரு ஃபிரேமுக்குள் விளக்கைச் சரிப்படுத்துவதே மேடைக்கு நியாயமான இலக்கு. சரிபார்க்கும்போது ஒலி மேசை அருகே, அரங்கத்தின் நடுப்பகுதியில் நின்று பார்ப்பது நல்லது.

சோதனைக்கு எளிய வழி உண்டு. பாட்டுக்குப் பதில், நொடிக்கு ஒருமுறை தட்டும் ஒலியைக் கோட்டோடு சேர்த்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு முழு நொடியிலும் ஒரு விளக்கு மின்னும்படி கியூ எழுத வேண்டும். முதல் நிமிடத்திலும் பத்தாம் நிமிடத்திலும் தட்டலும் மின்னலும் சேர்ந்தே இருந்தால் டிராப் ஃபிரேம் அமைப்பும் கடிகாரமும் சரி. 30, 25 போன்ற வீத வேறுபாடு முழு நொடியில் தெரியாது என்பதால் அதைத் தனியே பார்க்க வேண்டும். எப்போதும் ஒரே அளவு விலகியிருந்தால் ஆஃப்செட் திருத்தம் போதும். விலகல் வளர்ந்துகொண்டே போனால் வீதத்தையோ கடிகாரத்தையோ பார்க்க வேண்டும். அங்கங்கே தாவினால் கேபிளையும் ஒலி அளவையும் பார்க்க வேண்டும்.

எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

டைம்கோடு பதிவுக்குத் துணை. முன்பே பதிவான ஒலி ஒவ்வொரு நாளும் அதே வேகத்தில் ஓடும் இடத்தில் அது தன் முழுப் பயனைத் தருகிறது. 1952இல் பிரான்ஸின் ஷாம்போர் கோட்டையில் தொடங்கிய ஒலி-ஒளிக் காட்சி என்ற வகை இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தமிழர்கள் பார்த்துப் பழகிய காட்சியும் அந்த வகையைச் சேர்ந்ததே. நடிகர் மேடையில் இல்லை. பதிவான குரலும் விளக்கும் சேர்ந்து கதை சொல்கின்றன. அங்கே ஒவ்வொரு நொடிக்கும் எண் கொடுப்பதில் இழப்பு ஏதுமில்லை.

நடிகர் ஒரு சொல்லுக்கு முன் மௌனம் காக்கும் நாடகத்திலும், பாடகர் நிரவலை விரும்பியபடி நீட்டும் கச்சேரியிலும் டைம்கோடு பொருந்தாது. அங்கே கியூவைத் தொடக்கிவைக்க மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் விரலே வேண்டும். பல நிகழ்ச்சிகளில் இரண்டும் கலந்தே வரும்: பேச்சுப் பகுதிகளுக்குக் கை, பதிவான பாட்டுகளுக்குக் கோடு. அதற்கேற்பக் கோட்டை ஏற்பதையும் மறுப்பதையும் ஒரே பொத்தானில் மாற்றும்படி கன்சோலை அமைத்துவைக்க வேண்டும். கோடு பாதியில் நின்றுபோனாலும் இயக்குபவர் அதே கியூக்களைக் கையால் தொடர அந்தப் பொத்தான் வழிசெய்யும்.

வாணவேடிக்கை, தீப்பிழம்பு, ஆள் நிற்கும் மேடைத் தளத்தை உயர்த்தும் இயந்திரம் ஆகியவற்றைக் கோடு மட்டுமே இயக்க விடக் கூடாது. எண் சரியான கணத்தில் வந்தாலும் அந்த இடத்தில் யாராவது நிற்கிறார்களா என்பது எண்ணுக்குத் தெரியாது. இடத்தைக் கண்ணால் பார்க்கும் ஒருவர் அனுமதிப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டுமே அந்தக் கட்டளை செல்லும்படி அமைப்பது உயிரைக் காக்கும் ஒழுங்கு.

நிகழ்ச்சிக்கு முன் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றாகப் பார்க்க வேண்டியவை சில: வீதம், டிராப் ஃபிரேமா இல்லையா என்பது, வகை, வரும் வழி, பாட்டுக்குரிய மணி எண், முன்னோட்ட நொடிகள், ஆஃப்செட், ஃப்ரீவீல். இவற்றை ஒரே தாளில் எழுதி ஒலி, ஒளி, வீடியோ என்று மூன்று மேசைகளிலும் ஒட்டிவைத்தால், ஒருவர் எண்ணைச் சொன்னதும் மற்ற இருவரும் பாட்டின் அதே கணத்தையே நினைப்பார்கள்.